உலர்கீரைக் கோழி சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், குறிப்பாக ஷாவ்சிங் வட்டாரத்தில், கடுகுக்கீரையை உப்பிட்டுப் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கரும்பழுப்பு நிறத்தில், இனிப்பும் உப்பும் கலந்த மணத்தோடு வரும் அந்தக் கீரைக்கு மெய்கான்சாய் என்று பெயர். பன்றி இறைச்சியோடுதான் அது அதிகம் பெயர்பெற்றது என்றாலும், கோழியோடு சேர்த்துச் சிறுதீயில் சுண்டவைப்பது அங்கே சாதாரண வீட்டுச் சமையல். ஹூனான், ஜியாங்சி மாகாணங்களின் பக்கம் இதே முறையில் உலர்ந்த பயற்றங்காய் (காராமணிக்காய்) போடுவார்கள். வடகிழக்கில் ஜென்மோ என்ற காட்டுக் காளானை உலர்த்திப் போடுவார்கள்.

இந்தக் கறி சரியாக வரவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கோழியைத்தான் குறை சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது கீரையைப் பற்றி. எப்படிக் கழுவினீர்கள், எவ்வளவு நேரம் ஊறியது, கோழியோடு சேருமுன் தனியாக வதக்கினீர்களா? இந்த மூன்று கேள்விகளிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். எலும்போடு வெட்டிய கோழி 1 கிலோ, உலர்ந்த மெய்கான்சாய் 60 முதல் 80 கிராம், இஞ்சி 20 கிராம், வெங்காயத்தாள் இரண்டு, ஷாவ்சிங் அரிசி மது 60 மில்லி, வெளிர் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கறுப்பு சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, கற்கண்டு 15 கிராம், அன்னாசிப்பூ ஒன்று. தனி உப்பு கிடையாது. கீரையை ஊறவைத்துப் பிழிந்து வெறும் வாணலியில் ஈரம் போக வதக்கி, பிறகு கொழுப்பு விட்டுப் புரட்டித் தனியே வைக்க வேண்டும். கோழியை வதக்கி, மது, சாஸ், கற்கண்டு சேர்த்துப் புரட்டி, கீரையைப் போட்டு, துண்டுகள் மட்டத்துக்கு வெந்நீர் ஊற்றி மூடிச் சிறுதீயில் வைக்க வேண்டும். கடைசியில் மூடியைத் திறந்து சாற்றைச் சுண்டவைக்க வேண்டும்.

## உலர்கீரையில் வெள்ளை படிந்திருக்கிறது, அல்லது வாடை சரியில்லை

இதை அடுப்பு பற்றவைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மற்ற குறைகளில் போவது ஒரு வேளைச் சாப்பாடு, இதில் உடம்பு.

வெள்ளையாக இருப்பது உப்பா, பூஞ்சையா? ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போடுங்கள். மணல்போலப் பொடிந்து கரைந்தால் உப்பு, பயமில்லை. பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்றாலோ, பச்சையாகவோ கருநீலமாகவோ திட்டுகள் தெரிந்தாலோ பூஞ்சை. மூடிக்கிடந்த ஈர அறையின் நாற்றம் அடித்தாலும் அதே முடிவுதான். பையோடு குப்பையில் போடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிவதும், நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவதும் வேண்டாம். பூஞ்சை விடும் நஞ்சுகள் பல சமையல் சூட்டில் அழிவதில்லை.

மூக்கில் ஏறும் கந்தக நெடி என்றால், நிறம் மங்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டியிருக்கலாம். உலர்ந்த மூங்கில் குருத்திலும், தங்க ஊசி என்று விற்கும் உலர்ந்த லில்லி மொக்கிலும் இது உண்டு. இயல்புக்கு மீறிய பளிச்சென்ற மஞ்சள் நிறம் இன்னோர் அடையாளம். இலேசான நெடி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் குறையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்தப் பையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

மரக்காது என்ற கருங்காளானை இந்தக் கறியில் சேர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரவு ஊறவைத்துக் காலையில் சமைக்கலாம் என்று வெளியில் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான சமையலறையில் நெடுநேரம் ஊறினால் ஒரு வகைப் பாக்டீரியா பெருகி, போங்க்ரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடும். அது கொதித்தாலும் அழியாது. அதற்கென்று முறிமருந்தும் இல்லை. 2020 அக்டோபரில் ஹெய்லுங்ஜியாங் மாகாணத்தின் ஜிடோங்கில் நெடுநாள் குளிர்பதனத்தில் இருந்த புளித்த சோள நூடுல்ஸை உண்ட ஒரே குடும்பத்தார் ஒன்பது பேர் இதே நஞ்சால் இறந்தார்கள். மரக்காதை இரண்டு மணி நேரத்துக்குள் ஊறவைத்துச் சமைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஆகுமென்றால் குளிர்பதனப் பெட்டிக்குள் ஊறட்டும். ஊறியது வழவழத்தாலோ நாறினாலோ தூக்கி எறியுங்கள்.

சாப்பிட்ட பின் வயிற்று வலி, வாந்தி, அசாதாரணத் தூக்கக் கலக்கம் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போங்கள். எதைச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் ஊறியது என்பதைச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

## உப்புக் கரிக்கிறது

அதிகம் வரும் புகார் இது. சாறு மட்டும் உப்பா, கீரையே உப்பா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு இலையை எடுத்து வெந்நீரில் அலசி வாயில் போடுங்கள்.

இலை சுவையாக இருந்து சாறு மட்டும் கரித்தால், வெளியிலிருந்து சேர்த்ததில் தவறு. பழக்கத்தில் தனி உப்பு போட்டிருப்பீர்கள். அல்லது சமையல் மது என்று பெயரிட்ட பாட்டில் வாங்கியிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் உப்பு கலந்திருக்கும். லேபிளைப் பாருங்கள். குடிப்பதற்கென்று விற்கும் ஷாவ்சிங் மதுவில் அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவது காரணம், அளவுக்கு மேல் சுண்டவைத்தது. நீர் போய்விடும், உப்பு அங்கேயே நிற்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: சாற்றில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேர்ந்து எடுப்பதில்லை, சாற்றைத்தான் உறிஞ்சுகிறது. ஆனால் உப்பில்லாத கிழங்கோ கெட்டி டோஃபுவோ போட்டு நீரும் சேர்த்தால் மொத்தக் கறியும் பெருகி உப்பு பரவலாகும். அந்த அளவில் அது நல்ல வழி.

இலையே கரித்தால் ஊறவைத்தது போதவில்லை. பொடியாக நறுக்கி விற்கும் மெய்கான்சாய்க்கு மூன்று நான்கு முறை கழுவி 20 முதல் 30 நிமிடம் ஊறல் போதும். தண்டோடு சுருட்டி விற்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம், நடுவில் தண்ணீர் மாற்றி. கடிகாரத்தைவிட நாக்கை நம்புங்கள்: பிழிந்து ஒரு துணுக்கைக் கடித்தால் உப்பு தெரிய வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. அதே சமயம் முழு உப்பும் போகும்வரை ஊறவைத்தால் மணமும் போய்விடும். ஊறவைத்த நீரைக் கறியில் ஊற்றாதீர்கள். காளான் ஊறிய நீருக்கு அந்த மரியாதை உண்டு, உப்பிட்ட கீரையின் நீருக்கு இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாங்குபவர்களுக்கு இன்னொரு கிளை. அங்கே ஹக்கா, கான்டனீஸ் என்ற தென்சீன மக்களின் சமையலுக்கான மெய்சாய் என்ற உப்பிட்ட கீரை, உப்பு வகை, இனிப்பு வகை என்று இரண்டாக விற்கிறது. இரண்டும் முழுச் செடியாக, ஈரப்பதத்தோடு இருக்கும். முழுதும் உலர்ந்த ஷாவ்சிங் கீரையிலிருந்து வேறானவை. உப்பு வகையில் பரல் கண்ணுக்கே தெரியும். அதை எடுத்தால் இலை இலையாகப் பிரித்து அலசி, ஒரு மணி நேரமாவது ஊறவைத்து நீரை மாற்ற வேண்டும். இனிப்பு வகை என்றால் கற்கண்டைப் பாதியாகக் குறையுங்கள். எது எதுவென்று சந்தேகம் வந்தால், உலர்பொருள் கடைக்காரரிடம் கோழிக்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். கடையிலேயே ஒரு நுனியைக் கிள்ளிச் சுவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

## பல்லில் மண் நெறிபடுகிறது

கீரையைக் கழுவிவிட்டுத் தண்ணீரோடு வடிதட்டில் கொட்டியிருப்பீர்கள். அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமேலேயே விழுந்துவிடும். அகன்ற பாத்திரம் நிறையத் தண்ணீரில் கீரையை அலசி, கையால் மேலே அள்ளி எடுங்கள். பிறகு நீரைக் கொட்டுங்கள். பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்து, மண் படாதவரை இதைத் திரும்பச் செய்யுங்கள். தண்டோடு உள்ளதை ஊறிய பின் விரித்து, கணுவின் இடுக்கில் மறுபடி அலச வேண்டும்.

சமைத்து முடித்த பின் தெரிந்தால்? கோழியைத் தனியே எடுத்து வையுங்கள். சாற்றை ஆழமான பாத்திரத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, மேல் நீரை மட்டும் மெல்ல வடித்துக் கோழிமேல் ஊற்றுங்கள். கீரையைக் கைவிடுங்கள். சாறு அதன் மணத்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும், கோழி வீணாகாது.

## கீரை சக்கையாக இருக்கிறது

இங்கே இரண்டு விதம் உண்டு. மென்றால் நார் மிஞ்சுகிறதா, மென்மையாக இருந்தும் வறட்டுச் சுவையாக இருக்கிறதா?

வறட்டுச் சுவை என்றால் கொழுப்பு போதவில்லை. மெய்கான்சாய் கொழுப்பைக் குடித்துத்தான் பளபளக்கும். பன்றி வயிற்று இறைச்சியோடு அது அவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் இதுவே. தோலுரித்த கோழியும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் வைத்துக்கொண்டு அந்தச் சுவையை எதிர்பார்க்க முடியாது. தோலோடு வாங்குங்கள். கோழியின் வயிற்றுக்குள் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கொழுப்பை எறியாமல், சிறுதீயில் உருக்கி அதில் கீரையைப் புரட்டுங்கள். வெந்தபின் குறை தெரிந்தால், ஒரு மேசைக்கரண்டி கோழிக் கொழுப்பையோ பன்றிக் கொழுப்பையோ சூடாக்கிக் கீரைமேல் விட்டுப் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள்.

நார் மிஞ்சினால் வேகவில்லை என்பது எளிய காரணம். கோழியோடு சேர்த்துத்தான் வேக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோழியை வெளியே எடுத்துவிட்டு, கீரையைக் கொஞ்சம் சாற்றோடு கிண்ணத்தில் போட்டு ஒரு மணி நேரம் ஆவியில் வையுங்கள். திரும்பத் திரும்ப ஆவியில் வைத்தால் மேலும் சுவை கூடும் உலர்கீரை இது. அதிகம் வெந்துவிடுமோ என்ற அச்சமே வேண்டாம். அடுத்த காரணம், தண்டை நீளமாக விட்டது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நறுக்குங்கள். அதற்கும் அடுத்தது, தொடக்கத்திலேயே வினிகரோ தக்காளியோ சேர்த்தது. புளிப்பு காய்கறி நாரை இளகவிடாது. இவையெல்லாம் பார்த்தும் சக்கைதான் என்றால் முற்றிய கீரை. அடுத்த முறை தண்டு மெலிந்த, இலை அதிகமுள்ள பையை வாங்குங்கள்.

உலர்ந்த பயற்றங்காய் போட்டவர்களுக்குக் கணக்கு வேறு. வெந்நீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறி, நகம் எளிதில் இறங்க வேண்டும். கோழியோடு அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். சென்னையில் காராமணிக்காய் என்றும் இலங்கையில் பயற்றங்காய் என்றும் சொல்லும் அதே கொடிதான். ஆகவே பிஞ்சுக் காயைக் கொதிநீரில் முக்கி எடுத்து, நல்ல வெயிலில் முறுக நீங்களே உலர்த்தலாம். பொரிப்பதற்கென்று மோரிலும் உப்பிலும் ஊறிய வற்றலை இதில் போட வேண்டாம். கறி முழுதும் புளித்த வாடை ஏறும். உலர்ந்த மூங்கில் குருத்துக்கு முந்தைய நாளே வேலை தொடங்கும்: இரவு முழுவதும் ஊறல், தண்ணீர் மாற்றம், தனியாக ஒரு கொதி.

## கோழி சரியில்லை

ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். நார்நாராக உதிர்ந்து வாய் உலர்கிறதா? அதிகம் வெந்துவிட்டது. ரப்பர்போல இழுபடுகிறதா? இன்னும் வேகவில்லை. இரண்டையும் கடினம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால், வேகாததை இறக்கியும் வெந்ததை மேலும் வேகவைத்தும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உதிர்ந்தால் நெஞ்சுக்கறியா என்று பாருங்கள். நெஞ்சுக்கறிக்கு இந்தச் சமையல் ஒத்துவராது; தொடையும் இறக்கையும் எலும்போடு வேண்டும். அடுத்து தீ: தளதளவென்று கொதித்திருக்கக் கூடாது, ஓரத்தில் சிறு குமிழி போதும். பிறகு நேரம். கடையில் வாங்கும் பிராய்லருக்கு 25 முதல் 35 நிமிடம். சீனாவில் மூன்று மஞ்சள் கோழி என்று சொல்லும், அலகும் காலும் இறகும் மஞ்சளான வகைக்கு 40 முதல் 50. முட்டையிட்டு முதிர்ந்த பெட்டைக்கோழிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். பிராய்லர் கீரைக்கு முன்பே வெந்துவிடும் என்பதால், பிராய்லர் என்றால் மட்டும் கீரையைத் தனியாக ஆவியில் வேகவைத்து, கடைசி 20 நிமிடத்தில் சேருங்கள். இழுபடும் கோழிக்கு நடுவில் நீர் தேவைப்பட்டால் கொதிநீரையே ஊற்றுங்கள்.

எலும்புச் சில் வாயில் குத்துகிறதென்றால் வெட்டியதில் கோளாறு. வீட்டுக் கத்தியால் தொடை எலும்பைத் தட்டித் தட்டி வெட்ட வேண்டாம். கறிக்கடையில் கனமான கத்தியால் ஒரே வெட்டில் நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கேளுங்கள்.

## கவிச்சி அடிக்கிறது

வால் முனையிலிருக்கும் எண்ணெய்ச் சுரப்பி நீக்கப்பட்டதா, முதுகெலும்பை ஒட்டிய நுரையீரல் துணுக்குகள் போயினவா என்று பாருங்கள். அடுத்து, வதக்குமுன் கோழியை ஒரு கொதி விட்டு எடுப்பதென்றால், குளிர்நீரில் போட்டுத்தான் சூடேற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் மேற்பரப்பு இறுகி ரத்தம் உள்ளேயே நிற்கும். நுரையை எடுத்துவிட்டு, வெந்நீரில் கழுவி, ஈரம் துடைத்து வதக்குங்கள். மதுவைச் சூடான வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றி, இரண்டு நிமிடம் மூடாமல் விடுங்கள்; மூடினால் போக வேண்டிய வாடை திரும்பக் கறிக்குள் இறங்கும். மது சேர்க்காத வீடுகளில் இஞ்சியை இரட்டிப்பாக்கி, தோல் பொன்னிறமாகும்வரை கூடுதலாக வதக்கினால் குறை தெரியாது. இவ்வளவும் செய்த பின்னும் வாடை நின்றால் கோழி பழையது. புளித்த நாற்றமும் பிசுபிசுப்பும் இருந்தால் சாப்பிட வேண்டாம்.

## கசக்கிறது

சர்க்கரையை எண்ணெயில் உருக்கி நிறம் ஏற்றும் வழக்கம் உள்ளவர்கள் முதலில் அதைச் சந்தேகியுங்கள். செம்பழுப்பில் நுரைத்ததும் கோழி விழ வேண்டும். புகை கிளம்பினால் கசப்பு உறுதி, அதை இனிப்பால் மறைக்க முடியாது. துண்டுகளை வெந்நீரில் அலசிப் புதுச் சாறு வைப்பதே வழி. சர்க்கரை கருகவில்லையென்றால் அன்னாசிப்பூவை எண்ணுங்கள். ஒரு கிலோவுக்கு ஒன்று. மூன்று போட்டால் மருந்து வாடையோடு கசப்பும் வரும். கீரையை வெறும் வாணலியில் வதக்கும்போது நுனி கருகியிருந்தாலும் கசக்கும்.

## சாறு தண்ணீராக நிற்கிறது, நிறமும் இல்லை

மூடியைத் திறந்து பெருந்தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் சுண்டவையுங்கள். சோளமாவைத் தேடாதீர்கள், தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் இறங்கும் பசையே சாற்றை இறுக்கும். தோலில்லாத கோழியில் அது வராது; இரண்டு கோழிப் பாதங்களோ நான்கு இறக்கைகளோ சேர்த்தால் வரும். நிறத்துக்கு அரைத் தேக்கரண்டி கறுப்பு சோயா சாஸ். வெளிர் சாஸைக் கூட்டினால் உப்புதான் ஏறும்.

## அடிப்பிடித்துவிட்டது

கிளறாதீர்கள். தீயை அணைத்து, மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியைச் சுரண்ட வேண்டாம். மாற்றியதில் புகை வாடை இல்லையென்றால் வெந்நீர் விட்டுத் தொடரலாம். காரணம் பெரும்பாலும் கற்கண்டும் கீரையும் அடியில் சேர்ந்து தங்கியது: கோழி கீழே, கீரை மேலே இருக்கட்டும். கடைசி ஐந்து நிமிடம் அடுப்பைவிட்டு நகராதீர்கள். அடுத்த காரணம் மெல்லிய பாத்திரம். மண்சட்டியில் செய்பவர்கள் சூடான சட்டியில் குளிர்நீர் ஊற்றினால் சட்டி விரிசல் விட்டுவிடும்.

தீயைக் குறைத்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தால் அடுப்பைப் பாருங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னர் துளைகளை ஆறிய பின் துலக்குங்கள். அதன்பிறகும் மஞ்சள் என்றால் கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவரை அழையுங்கள். குழாயையும் ரெகுலேட்டரையும் நீங்கள் கழற்ற வேண்டாம். வாயு நாற்றம் அடித்தால் தீக்குச்சியோ மின்விசைப் பொத்தானோ தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் ஆளைக் கூப்பிடுங்கள்.

## மறுநாள் உப்பு ஏறியிருக்கிறது

கீரையிலிருந்து உப்பு மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மறுநாளுக்கென்று சமைப்பவர்கள் முதல் நாள் சுவையைச் சற்றுக் குறைவான உப்பில் நிறுத்துங்கள். சூடுபடுத்தும்போது கால் கிண்ணம் வெந்நீர் விட்டு, சாறு முழுதும் கொதிக்கும்வரை வையுங்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குப் போயிருந்தால் மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். இரவு முழுவதும் அடுப்பின்மேல் இருந்தது என்றால், மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.